பிரமிடுக்குப் பக்கத்தில் வால்மார்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவில் பிரமிடுகளுக்குப் பெயர்போன தியோதிவாக்கானில் 2004இல் அமெரிக்கப் பெருங்கடை நிறுவனமான வால்மார்ட் ஒரு கடை திறந்தது. அப்போது கிளம்பிய சண்டை, எட்டு வருடம் கழித்து லஞ்சப் புகாராக உலகச் செய்தியானது. பழைய ஊர், சுற்றுலா, பெருங்கடை என்று பேச்சு வரும் இடத்திலெல்லாம் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். பாதிப் பேர் பிரமிடை இடித்துக் கடை கட்டியதாகவே சொல்வார்கள். வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

தியோதிவாக்கான் எங்கே இருக்கிறது? அங்கே என்ன விசேஷம்?

மெக்சிகோ நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். கி.பி. முதல் நூற்றாண்டு தொடங்கி ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் செழித்த பெருநகரம் அது. உச்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். சூரியப் பிரமிடு ஏறக்குறைய நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம். அதோடு சந்திரப் பிரமிடு, இறகுப் பாம்புக் கோயில், இவற்றை இணைக்கும் 'இறந்தோர் வீதி' என்ற அகலமான நெடுஞ்சாலை. ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் வந்தது பல நூற்றாண்டு கழித்து. அவர்களுக்கே இது பாழடைந்த புனிதத்தலம்தான். 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சுற்றுலாப் பயணிகள் கவனிக்காமல் விடுவது பக்கத்திலிருக்கும் ஊரை. சான் ஹுவான் தியோதிவாக்கான் என்ற அந்த ஊருக்கு நகரமன்றம், சந்தை, பள்ளிக்கூடம், டிராபிக் நெரிசல் எல்லாம் உண்டு. சண்டை நடந்தது அங்கேதான்.

கடை பிரமிடுக்கு எவ்வளவு பக்கத்தில்?

ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், ஊருக்குள் நுழையும் பரபரப்பான சாலைச் சந்திப்பில். முன்பு அது குதிரைமசால் என்ற தீவனப்பயிர் விளைந்த வயல். கட்டடம் சுமார் 72,000 சதுர அடி. நம் கணக்கில் முப்பது கிரவுண்டு. கடைப் பெயர்ப்பலகையில் வால்மார்ட் என்று இருக்காது. 'போதேகா அவுரேரா' என்ற பெயரில் நடக்கிறது. வால்மார்ட் 1991இல் மெக்சிகோவுக்குள் கூட்டாளியோடு நுழைந்து, 1997இல் அந்தக் கூட்டாளி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியபோது கைக்கு வந்த பழைய உள்நாட்டுப் பெயர் அது. குறைந்த வருமானக்காரர்களைக் குறிவைக்கும் மலிவுக்கடை வரிசை. அந்தப் பெயரைக் கேட்டால் மெக்சிகோக்காரர்களுக்கு அமெரிக்கா ஞாபகத்துக்கு வருவதில்லை, மாதக் கடைசி மளிகைதான் வரும்.

சூரியப் பிரமிடின் உச்சியிலிருந்து பார்த்தால் கடை தெரியும் என்பது எதிர்ப்பாளர்களின் பெரிய ஆயுதமாக இருந்தது. உண்மைதான், தெரியும். ஆனால் அங்கே ஏறி நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், சாலைகள் எல்லாமே. கண்ணுக்குத் தெரிகிறது என்பதை வைத்து மட்டும் வாதம் செய்தது எதிர்ப்பின் பலவீனம் என்பது என் கருத்து.

கடை வேலிக்கு வெளியேதானே வந்தது? அப்புறம் என்ன பிரச்சினை?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. டிக்கெட் வாங்கி உள்ளே போகிற வேலி, பழைய நகரத்தின் எல்லை இல்லை. 1960களில் ரெனே மில்லன் என்ற தொல்லியலாளர் தன் குழுவோடு வயல் வயலாக நடந்து மேற்பரப்பில் கிடந்த ஓடுகளைப் பொறுக்கி, சுவர்த் தடங்களைக் குறித்து, நகரம் முழுவதற்கும் ஒரு வரைபடம் தயாரித்தார். நகரம் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தது அதில்தான் தெரியவந்தது. நாம் பார்ப்பது அதன் நடுப்பகுதி. மீதியெல்லாம் இன்றைய வீடுகளுக்கும் வயல்களுக்கும் அடியில்.

1988இல் மெக்சிகோ அரசு ஓர் ஆணை போட்டு, 3,300 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியைத் தொல்லியல் மண்டலமாக அறிவித்து ஏ, பி, சி என்று மூன்று வளையமாகப் பிரித்தது. ஏ வளையம் பிரமிடுகள் இருக்கும் மையம்; அங்கே எதுவும் கட்ட முடியாது. வெளியே போகப் போகக் கட்டுப்பாடு தளரும். சி வளையத்தில் கட்டலாம், ஆனால் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அந்த நாட்டின் தொல்லியல் துறை என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். கடை வந்தது சி வளையத்தில். தொல்லியல் துறையும் ஒப்புதல் கொடுத்தது.

ஆக, தொல்லியல் சட்டத்தை மட்டும் பார்த்தால் கடைக்கு வழி இருந்தது. வழி அடைபட்டிருந்தது இன்னொரு காகிதத்தில். அது கீழே வருகிறது.

அஸ்திவாரம் தோண்டும்போது ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. 1300ஆம் ஆண்டு வாக்கிலான ஒரு சுவரின் மிச்சம், சாக்குகளில் அள்ளும் அளவுக்குப் பானை ஓடுகள். பிறகு ஒரு பலிபீடம், ஒரு முற்றம், ஒன்பது புதைகுழிகள். ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்தி, படம் எடுத்து, பதிந்து, மறுபடி தொடங்கினார்கள். பலிபீடம் இருந்தது கார் நிறுத்தப் போகும் இடத்தில்.

தியோதிவாக்கானில் எங்கே தோண்டினாலும் ஏதாவது வரும். வீட்டுக்குக் கழிப்பறைக் குழி எடுப்பவருக்கும் இதே கதிதான். வீட்டுக்காரர் நாலடி தோண்டுவார், பெருங்கடைக்கு வயல் முழுக்கப் புரட்டவேண்டும். அளவு மாறும்போது சேதமும் மாறுகிறது. அதற்காக ஒரு காலத்து மக்கள் எழுப்பிய பிரமிடே ஆபத்தில் இருந்ததாகச் சொல்வது மிகை. கல் ஒன்றும் அசையவில்லை.

யார் எதிர்த்தார்கள்?

முதலில் சந்தை வியாபாரிகள், ஆசிரியர்கள், உள்ளூர்க்காரர்கள் சிலர். நகரமன்றத்தின் முன் உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். பிறகு நாடறிந்த பெயர்கள் வந்தன. கவிஞர் ஹொமெரோ அரிட்ஹிஸ், ஓவியர் பிரான்சிஸ்கோ டொலேடோ, எழுத்தாளர் எலெனா போனியாடோவ்ஸ்கா உள்ளிட்ட கலைஞர்களும் அறிவாளிகளும் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லி அதிபர் விசென்டே பாக்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள். அரசு அசையவில்லை. 2004 நவம்பரில் கடை திறந்தது.

ஊரே எதிர்த்ததா?

இல்லை. திறந்த அன்றே கூட்டம் உள்ளே போயிற்று. பருப்பு, எண்ணெய், சோப்பு, டயப்பர் விலை குறைவு என்றால் யார் போகமாட்டார்கள்? தலைநகரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட எழுத்தாளர் வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நாலு சூப்பர் மார்க்கெட் இருந்திருக்கும். பாரம்பரிய ஊரில் பிறந்த பாவத்துக்குத் தான் மட்டும் ஏன் கூடுதல் விலை கொடுக்கவேண்டும் என்று உள்ளூர்க்காரர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பழைய ஊர்களைக் காப்பது பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வரைபடத்தை மாற்றினார்கள் என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கதையின் உயிர்நாடியே அதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பிரமிடைச் சுற்றிக் கட்டடங்கள் பெருகுவதைப் பார்த்து, ஊர் நகரமன்றம் நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று தயாரித்தது. எந்தப் பகுதியில் வீடு, எங்கே வணிகம், எங்கே எதுவும் கூடாது என்று நிறம் தீட்டிய வரைபடம். 2003 ஆகஸ்டில் மன்றம் அதை நிறைவேற்றியது. அதன்படி அந்தக் குதிரைமசால் வயலில் வணிகக் கட்டடம் கூடாது.

மன்றம் நிறைவேற்றினால் மட்டும் சட்டமாகிவிடாது. மாநில அரசிதழில் வெளியாகவேண்டும். வரைபடம் மாநில நகரமைப்பு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து அரசிதழுக்குப் போகும். அடுத்த மாதம் அரசிதழ் வந்தது. வந்த வரைபடத்தில் அந்த வயல் வணிகப் பகுதியாக இருந்தது.

எட்டு, ஒன்பது ஆண்டுகள் யாரும் இதைக் கேட்கவில்லை. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் டேவிட் பார்ஸ்டோவும் அலெஹாண்ட்ரா சானிக்கும் ஒரு நீண்ட புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வால்மார்ட்டின் மெக்சிகோ கிளை 52,000 டாலர் லஞ்சம் கொடுத்து, அரசிதழுக்குப் போகும் முன்பே வரைபடத்தை மாற்ற வைத்தது என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. மன்றம் நிறைவேற்றிய மூலப் பிரதியையும் வெளியான பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அந்தத் தொடருக்கு 2013இல் புலனாய்வு இதழியலுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். தெருவில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் 2004இல் போராடியது ஏற்கெனவே முடிந்துபோன முடிவை எதிர்த்து. கடைக்கு அனுமதி உண்டா என்று கேட்டபோதெல்லாம் அதிகாரிகள் அரசிதழைக் காட்டினார்கள். அது அச்சான சட்டம், மறுபேச்சு இல்லை. எதிர்ப்பாளர்களோ பண்பாடு, ஆன்மா, மூதாதையர் பூமி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மன்றத் தீர்மானப் பிரதியை எடுத்து அரசிதழோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்காவது தோன்றியிருந்தால், ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும் வேலை. பெரிய பெயர்களின் கையெழுத்தைவிட அந்த ஒரு பழைய பிரதி அதிகம் சாதித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த நிறுவனத்துக்குத் தண்டனை கிடைத்ததா?

நேரடியாக இந்தக் கடைக்காக என்று எதுவும் இல்லை. மெக்சிகோ கிளையின் லஞ்சப் புகாரைத் தலைமையகம் 2005லேயே அறிந்திருந்தும் உள் விசாரணையை அமுக்கிவிட்டது என்று அதே நாளிதழ் 2012 ஏப்ரலில் எழுதியிருந்தது. அதன்பின் அமெரிக்க அரசு விசாரணை ஏழு வருடம் ஓடியது. 2019 ஜூனில் அமெரிக்க நீதித்துறைக்கும் பங்குச் சந்தை ஆணையத்துக்கும் சேர்த்து சுமார் 28 கோடியே 20 லட்சம் டாலர் கட்டி வால்மார்ட் சமரசம் செய்துகொண்டது. மெக்சிகோ, பிரேசில், சீனா, இந்தியா நான்கிலும் லஞ்சத் தடுப்புக் கட்டுப்பாடுகளைச் சரியாக வைக்கவில்லை என்பதே குற்றச்சாட்டின் சாரம். அந்த அளவு வருமானம் உள்ள நிறுவனத்துக்கு இந்தத் தொகை பெரிதில்லை. விசாரணைக்கும் உள்சீர்திருத்தத்துக்கும் தாங்களே செலவழித்தது 90 கோடி டாலருக்கு மேல் என்று நிறுவனம் சொன்னது. வக்கீல்களுக்கு நல்ல காலம்.

கடையை மூடினார்களா?

இல்லை.

சின்னக் கடைகள் அழிந்துபோயினவா?

இந்த ஊரை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல முடியாது. மெக்சிகோ முழுவதையும் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அட்கின், ஃபேபர், கொன்சாலெஸ்-நவாரோ என்ற மூன்று பொருளியலாளர்கள், வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட் வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் கடைவிலைப் பட்டியல், வருமானக் கணக்கு எல்லாவற்றையும் வைத்து ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இரண்டு பக்கத்தையும் சங்கடப்படுத்தும்.

ஒரே பொருள், ஒரே பார்கோடு, வெளிநாட்டுக் கடையில் சுமார் 12 சதவீதம் மலிவு. போட்டியால் உள்ளூர்க் கடைகளும் விலையைச் சுமார் 4 சதவீதம் குறைத்தன. எல்லாம் சேர்த்து ஒரு சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம் அதன் வருமானத்தில் 6 சதவீதத்துக்குச் சமம். சின்னத் தொகை இல்லை. மறுபக்கம், சில உள்ளூர்க் கடைகள் மூடப்பட்டன, பழைய பாணிச் சில்லறை வியாபாரத்தில் இருந்தவர்களின் வருமானம் குறைந்தது. ஊரின் மொத்த வேலைவாய்ப்பு பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வசதியுள்ள குடும்பங்களுக்குக் கிடைத்த லாபம் மிக ஏழைகளுக்குக் கிடைத்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏழைகளுக்கும் லாபம்தான், குறைவாக.

அதாவது ஊருக்கு நஷ்டம் என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. சந்தையில் தக்காளி, காலணி, பிளாஸ்டிக் வாளி விற்றவரின் நஷ்டம் ஊரில் மற்ற எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக லாபமாய்ப் பிரிந்து போகிறது. தெருவில் உட்கார்ந்தவர்கள் யார் என்று இப்போது புரிந்திருக்கும்.

சுற்றுலா பாதிக்கப்பட்டதா?

பாதித்ததாகத் தெரியவில்லை. பிரமிடு பார்க்க வருகிறவர் மளிகை வாங்க வருவதில்லை. வேலிக்குள் சிறுத்தை மாதிரி உறுமும் ஊதுகுழலும் எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செதுக்கிய பொம்மையும் விற்கிறவருக்கு வால்மார்ட் போட்டியே இல்லை. மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாளன்று வெள்ளை உடுத்திக்கொண்டு சூரிய சக்தி வாங்க வரும் கூட்டம் இன்றும் வருகிறது. "சுற்றுலா கெட்டுவிடும்" என்பது இப்படிப்பட்ட எதிர்ப்புகளில் சுலபமாக எடுத்து வீசும் வாதம், நிரூபிக்கக் கஷ்டமானதும் அதுதான்.

இதுமாதிரி வந்த திட்டத்தை எங்காவது தடுத்திருக்கிறார்களா?

தடுத்திருக்கிறார்கள், மெக்சிகோவிலேயே. ஒஹாகா நகரின் பழைய மையமும் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததுதான். அதன் நடுச் சதுக்கத்தில் கடை திறக்க மெக்டொனால்ட்ஸ் 2002இல் திட்டமிட்டது. மேலே சொன்ன டொலேடோதான் எதிர்ப்புக்குத் தலைமை. அவர் சதுக்கத்தில் மேஜை போட்டு, மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து அவித்த தமாலே பலகாரத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். அந்த டிசம்பரில் நகரமன்றம் அனுமதி மறுத்தது. கவனியுங்கள், இங்கே முடிவு இன்னும் மன்றத்தின் கையில் இருந்தது. மன்றத்துக்கு நெருக்கடி கொடுக்கக் கூட்டம் போதும். தியோதிவாக்கானில் கூட்டம் சேர்வதற்குள் முடிவு கைமாறிவிட்டது.

அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தில் 'வில்டர்னெஸ்' என்ற உள்நாட்டுப் போர்க்களம் இருக்கிறது. அதன் அருகே வால்மார்ட் பெருங்கடைக்கு 2009இல் உள்ளூர் நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஜேம்ஸ் மெக்பெர்சன் உள்ளிட்ட இருநூறுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் அதற்கு முன்பே எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு அதோடு நிற்கவில்லை; அனுமதி வழங்கிய முறையே தவறு என்று உள்ளூர்க்காரர்களும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகளும் வழக்கும் போட்டார்கள். 2011 ஜனவரியில் விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் நிறுவனம் பின்வாங்கியது. வேறு இடத்தில் கடை கட்டிக்கொண்டு, இந்த நிலத்தை 2013இல் மாநிலத்துக்கே தானமாகக் கொடுத்தது. கடிதமா வழக்கா எது வேலை செய்தது என்றால், வழக்கு என்பேன்.

மூன்றாவது வழியும் உண்டு. வெர்மான்ட் மாநிலம் பழைய சிற்றூர்களுக்குப் பேர்போனது. வால்மார்ட் கடைசியாக நுழைந்த அமெரிக்க மாநிலமும் அதுவே. 1995இல் பென்னிங்டன் ஊரில் திறந்த முதல் கடை வயல்வெளியில் வரவில்லை, ஏற்கெனவே இருந்த பழைய உல்வொர்த் கடைக் கட்டடத்தில் வந்தது. கடையும் வேண்டும், ஊரின் உருவமும் கெடக்கூடாது என்றால் இப்படியும் பேரம் பேசலாம்.

நம் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

2019 சமரசத்தில் இந்தியாவும் ஒரு பக்கம் என்பதே நேரடிச் சம்பந்தம். வால்மார்ட் இங்கே பார்தி நிறுவனத்தோடு கூட்டு வைத்து 2009இல் அமிர்தசரஸில் மொத்த விற்பனைக் கடை திறந்தது. கூட்டு 2013இல் முறிந்தது. 2009 முதல் 2011 வரை கடைகளுக்கு உரிமம் வாங்க இடைத்தரகர்கள் அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. 2018இல் பிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கி, வயலும் வேண்டாம் வரைபடமும் வேண்டாம் என்று நேரே போனுக்குள் வந்துவிட்டார்கள்.

பாரம்பரியச் சின்னங்களைப் பொறுத்தவரை நம் முறை வேறு. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்டவேண்டும். மாமல்லபுரத்தில் வீட்டுக்கு மாடி எடுக்க நினைத்தவர்களைக் கேட்டால் இந்தக் கணக்கைத் தூக்கத்திலும் சொல்வார்கள். இது டேப் வைத்து அளக்கும் சட்டம். மெக்சிகோவின் வளைய முறையோ பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்ற ஆய்வை வைத்து வந்தது. 300 மீட்டரைத் தாண்டியதும் நம் சட்டத்தின் கண் மூடிக்கொள்ளும். தியோதிவாக்கான் கடை இங்கே வந்திருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்கவேண்டிய தேவையே எழுந்திருக்காது.

கடை வந்த பிறகாவது தியோதிவாக்கானில் கட்டுமானம் கட்டுக்குள் வந்ததா?

வரவில்லை. 2021இல் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் ஒஸ்டொயாஹுவால்கோ என்ற பகுதியில், சுமார் 7 ஹெக்டேர் தனியார் நிலத்தில் புல்டோசர் இறங்கியது. அங்கே பொழுதுபோக்குப் பூங்கா வரப்போவதாகப் பேச்சு. நிறுத்தச் சொல்லித் தொல்லியல் துறை ஆணை போட்டது, வேலை நிற்கவில்லை. குற்றப் புகார் கொடுத்தது, அப்போதும் நிற்கவில்லை. யுனெஸ்கோவுக்கு ஆலோசனை சொல்லும் சர்வதேச நினைவுச்சின்ன அமைப்பு கவலை தெரிவித்த பிறகு, மே மாதக் கடைசியில் 250 தேசியக் காவல் படையினரும் 60 போலீஸாரும் போய் இடத்தைக் கைப்பற்றினார்கள். அங்கே 25 பழைய கட்டமைப்புகளாவது ஆபத்தில் இருந்ததாகத் தொல்லியலாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். இந்த முறை யாரும் வரைபடத்தைத் திருத்தும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.